குட்டுத் தில்லையர்

கலியாண வீட்டில் யாராவது "குட்டுத் தில்லையர்" என்று சொல்லிச் சிரித்தால் கஸ்பருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவான். லண்டனில் மோர்டன், சட்டன், குரோய்டன் என்று எங்கே நாலு யாழ்ப்பாணத்துச் சனம் கூடினாலும் அந்தக் கதை வரும். சொல்லுகிறவன்களில் பாதிப்பேருக்குத் தில்லையம்பலத்தை நேரில் தெரிந்திராது. பெற்றோல் தாங்கியைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டான்கள். ஆனால் விரலை மடக்கி நெற்றியில் குட்டிக் காட்டி, வாயால் "டொக், டொக், டொக்" என்று சத்தம் போட மட்டும் தெரியும். மேசையில் இருக்கிறவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கதை பொய் என்றால் கஸ்பர் அவன்களோடு மல்லுக்கு நின்றிருப்பான். கதை உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். சிரிக்கக்கூடிய பாதியை வைத்துக்கொண்டு மற்றப் பாதியை விழுங்கிவிட்டான்கள். எத்தனை வருடம் போனாலும் அந்த மனக்குறை கஸ்பருக்குத் தீரவில்லை.

தில்லையம்பலம் அளவெட்டி ஆள். ஊரில் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றியவர். எண்பத்துநாலில் லண்டனுக்கு வந்தார். கஸ்பர் பாசையூரான், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தகப்பனோடு கடலுக்குப் போனவன். இரண்டு பேரும் சந்தித்தது குரோய்டனில், விசா விசயம் பார்க்கிற அந்தப் பெரிய கட்டடத்தின் கியூவில். விடிய வந்து நின்ற கஸ்பர் நின்றபடியே தூங்கி விழுந்தான்.

"தம்பி, உதிலை நிண்டு நித்திரை கொள்ளாதை. பின்னாலை நிக்கிறவன் மிதிச்சுக்கொண்டு போயிடுவான்," என்று முன்னால் நின்ற கட்டை மனிதர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் சால்வையைக் கழற்றி அவன் கழுத்தில் சுற்றினார். அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள், ஒரே பெற்றோல் செட்டில் காருக்குப் பெற்றோல் அடித்து மாறி மாறி ஷிப்ட் அடித்தார்கள். எண்பத்தேழில், குரோய்டன் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரன் தன் பெற்றோல் செட்டைக் குத்தகைக்கு விடப்போகிறான் என்று கேள்விப்பட்டதும், தில்லையம்பலம், மனைவி பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு வாங்கியிருந்த வீட்டை வங்கியில் ஈடுவைத்து அதை எடுத்தார். மனைவி தவமலரும் கல்லாவில் நின்றாள். கஸ்பர் எல்லா வேலைக்கும் நின்றான்.

அந்தச் செட்டில் நிலத்துக்குக் கீழே பெற்றோல் நிரப்பி வைக்கிற நாலு தாங்கிகள். மேலே காரில் வருகிறவனுக்கு நாலு வட்ட மூடிகள்தான் தெரியும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு புதைத்த இரும்பு என்று வெள்ளைக்காரன் பெருமையாகச் சொல்லியிருந்தான். ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் ஒரு குழாய் நேரே தாங்கிக்குள் இறங்கும். காலையில் கடை திறக்க முன்னம் அந்தக் குழாயால் ஒரு நீளக் கோலை அடிவரைக்கும் விட்டு எடுத்து, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு டிப் அடிக்கிறது என்று பெயர். கோல் மரம். தேயாமல் இருக்க நுனியில் பித்தளைப் பூண்.

டிப் அடிக்கிறதைத் தில்லையம்பலம் ஒருவரிடமும் விடமாட்டார். பனி கொட்டினாலும் காய்ச்சல் என்றாலும் அவர்தான். மூடியைத் திறந்து, கோலைக் குழாயில் விட்டு, பிடியை விட்டுவிடுவார். பூண் இரும்பில் போய் "டொக்" என்று விழும். திரும்பத் தூக்கி விடுவார். "டொக்." இன்னொருக்கால். "டொக்." மூன்றும் பிள்ளையாருக்கு. ஊரில் வேலை தொடங்க முன்னம் நெற்றியில் மூன்று குட்டுக் குட்டிக்கொள்வார்களே, அது போல. இரண்டு கையும் கோலில் இருக்கிறதால் தலையில் குட்ட முடியாது. அதனால் குட்டைக் கோலிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கோலைத் துடைத்து, ஒழுங்காக அளப்பார்.

"பிள்ளையார் ஏன் அண்ணை அந்த மணத்துக்குள்ளை போய்க் குந்தியிருக்கிறார்?" என்று கஸ்பர் பகிடி விடுவான்.

"டேய், உன்ரை அந்தோனியார் மீனுக்குப் பிரசங்கம் வைக்கப் போனவர்தானே? அவருக்கு மீனெண்டால் இவருக்குப் பெற்றோல். நீ போய்க் கண்ணாடியைத் துடை."

அப்படியே ஐந்து வருடம் போனது. நல்ல வருடங்கள். தில்லையம்பலத்தின் இரண்டு பிள்ளைகளும் யூனிபோர்மோடு பள்ளிக்கூடம் போனார்கள். செட்டுக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டினாற்போல இருந்த பழைய வீட்டை அருமைநாயகி என்கிற புங்குடுதீவுப் பெண்ணும் புருசனும் வாங்கினார்கள். நூறு வருடத்து வீடு. கீழே செலர் என்கிற நிலவறை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த இடம். அருமைநாயகி அதைக் கழுவி, வெள்ளையடித்து, சாமி அறையாக்கினாள். அந்தத் தெருவில் தமிழ்ச் சனத்துக்குப் பக்கத்தில் கோயில் இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் எல்லாரும் அருமைநாயகியின் செலருக்குத்தான்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம் புரட்டாதியில் மழை விட்ட பாடில்லை. ஒரு நாள் அருமைநாயகி பால் வாங்க வந்த இடத்தில் சொன்னாள்: "அண்ணை, எங்கடை செலர் ஒரே மண்ணெண்ணெய் மணம். இவர் சொல்லுறார் ஈரத்துக்கு அப்பிடித்தானாம்."

"பெற்றோல் செட்டுக்குப் பக்கத்திலை வீடு வாங்கிப்போட்டு மல்லிகைப்பூ மணக்குமெண்டே நினைச்சனி?" என்றார் தில்லையம்பலம்.

அவளும் சிரித்தாள். "நான் என்ன செய்தனான் தெரியுமோ? சட்டியிலை தணல் எடுத்து, சாம்பிராணி போட்டு, மூலை மூலையாய்ப் புகை பிடிச்சனான். மணம் போயிட்டுது."

அங்கே நின்ற ஒருவருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பிலும் மண்ணெண்ணெய் விளக்கிலும் வளர்ந்த சனம். வீட்டில் கெட்ட மணம் என்றால் சாம்பிராணிதான் மருந்து. தில்லையம்பலத்தின் மூக்கும் கஸ்பரின் மூக்கும் எப்போதோ செத்துவிட்டன. நாள் முழுக்கப் பெற்றோலுக்குள் நிற்கிறவனுக்கு வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது பெண்சாதி திட்டினால்தான் தன்னில் மணக்கிறது என்று தெரியும்.

அடுத்த கிழமை யோகலிங்கம் வந்தான். மினிகப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவன், நையாண்டி வாய். காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுடைய காரில் ஏறியிருந்த வெள்ளைக்காரக் கிழவியும் பின்னால் குடையோடு நடந்து வந்தாள்.

"தில்லையர், ஊரிலை பால்காரி செய்யிற வேலையை இஞ்சை நீங்கள் துவங்கிட்டியளோ? கார் இருமுது, துப்புது, பேந்து நிண்டிட்டுது. தாங்கிக்குள்ளை என்னத்தை ஊத்தினனீங்கள்?"

"டேய், வாயைக் கழுவு."

"எதிலை கழுவ? உங்கடை பெற்றோலிலையோ? அதுதான் தண்ணியாய்க் கிடக்கே!"

யோகலிங்கத்தின் காரில் இருந்து கொஞ்சத்தைப் போத்தலில் எடுத்துப் பார்த்தார்கள். அடியில் தண்ணீர் தெளிவாக நின்றது. தில்லையம்பலத்தின் முகம் விழுந்துவிட்டது. தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பசை ஒன்று உண்டு. கோலின் நுனியில் பூசித் தாங்கிக்குள் விட்டால், அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்டும். சுவரோடு இருந்த தாங்கியில் விட்டு எடுத்தார். ஒரு சாணுக்கு மேலே சிவந்துபோய் வந்தது. ஆளைக் கூப்பிட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். மூடியால் மழை இறங்கியிருக்கும் என்று இறைக்க வந்தவன் சொன்னான். மூடிக்குப் புது ரப்பர் போட்டார்கள். அடுத்த நாள் காலையில் திரும்பப் பசை பூசிப் பார்த்தார். திரும்பச் சிவந்திருந்தது.

கோலைக் கையில் பிடித்தபடி தில்லையம்பலம் மழைக்குள் நின்றார். கஸ்பர் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தான்.

"கஸ்பர், இது மேலாலை வந்த தண்ணியில்லை. கீழாலை வருது."

"அதுக்கென்ன, திருப்பி இறைப்பம்."

"மடையா. வள்ளத்திலை ஓட்டையெண்டால் தண்ணி உள்ளுக்கு வரும், நீ கடலுக்குப் போன ஆள், உனக்குத் தெரியும். மழைக்கு நிலத்திலை தண்ணி ஏறினபடியால் உள்ளுக்கு வருது. கோடைக்கு? நிலம் காஞ்சு கிடக்கேக்கை?"

கோடைக்கு அந்த ஓட்டையால் எது எங்கே போயிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

கல்லாவில் நின்ற தவமலரிடம் சொன்னார். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "அதிகாரியளுக்குச் சொன்னியளெண்டால் அண்டைக்கே செட்டைப் பூட்டுவாங்கள். பூட்டினால் வங்கிக்காரன் வீட்டுக்கு வருவான். பிள்ளையளை எங்கை கொண்டுபோய் விடுறது? சொல்லுங்கோ, சொல்லிப்போட்டுப் போங்கோ," என்றாள்.

"அந்தத் தாங்கியைப் பூட்டி விடுவம். மற்றது மூண்டும் ஓடட்டும். நாளைக்கு யோசிச்சு ஒரு முடிவு எடுப்பம். இண்டைக்குச் சரஸ்வதி பூசை, அருமைநாயகி வரச்சொன்னவள்," என்றார்.

பின்னேரம் பக்கத்து வீட்டுச் செலர் நிறையச் சனம். படி இறங்கும்போதே கஸ்பருக்குத் தலை இலேசாகச் சுற்றியது. சனக்கூட்டம், காற்றில்லை என்று நினைத்துக்கொண்டான். அந்தோனியாரைக் கும்பிடுகிற வேதக்காரன் என்றாலும் சுண்டலுக்கு அவன் தப்பாமல் போவான். நடுவில் கும்பம் வைத்து, முன்னால் நிலத்தில் குத்துவிளக்கு. பிள்ளைகள் ஒரு கூட்டம், புத்தகங்களைப் பூசையில் அடுக்கிவிட்டு, இனிப் படிக்கத் தேவையில்லை என்கிற சந்தோசத்தில் சுவரோரமாக இருந்தார்கள். தில்லையம்பலத்தின் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். ஈரத்துக்காக அருமைநாயகி நிலத்தில் பேப்பர் விரித்து, மேலே பாய் போட்டிருந்தாள். விளக்கேற்றிவிட்டுத் தேவாரம் தொடங்குவது என்று ஏற்பாடு.

அருமைநாயகியின் சின்ன மகள் தில்லையம்பலத்தின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, லுக். ரெயின்போ."

சுவரடியில், பாய் முடிகிற இடத்தில், கசிந்த தண்ணீர் ஒரு தட்டளவு தேங்கி நின்றது. அதன்மேல் பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாக வானவில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை விரலால் தொட, நிறங்கள் விலகிப்போய்த் திரும்ப ஒட்டின.

செட்டில் மழை பெய்யும்போதெல்லாம் நிலத்தில் ஓடுகிற நிறம்தான் அது. தில்லையம்பலம் அதையே பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தாங்கி. கோடையில் மண்ணுக்குள் இறங்கின பெற்றோலை மழைத்தண்ணீர் மிதத்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறது. பெற்றோல் ஆவி பாரமானது, மேலே போகாது, பள்ளம் எங்கேயோ அங்கே இறங்கித் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும் என்பது அந்த வேலை பார்க்கிற எவனுக்கும் தெரியும். அந்தத் தெருவில் இதைவிடப் பள்ளமான இடம் கிடையாது.

அருமைநாயகி குனிந்து, நெருப்புக்குச்சியைப் பெட்டியில் உரசப் போனாள்.

தில்லையம்பலம் பாய்ந்தார். சுண்டல் சட்டி உருண்டது. அவளுடைய இரண்டு கையையும் குச்சியோடு பெட்டியோடு சேர்த்துப் பொத்திப் பிடித்துக்கொண்டார். பூசை நேரத்தில், ஊர்ச் சனம் முழுக்கப் பார்க்க, இன்னொருவன் பெண்சாதியின் கையைப் பிடித்தபடி நின்றார். பிறகு அவளுடைய புருசன் எழும்பி வந்து அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான்.

"என்ன தில்லையர், குடிவெறியே?"

அவர் விடவில்லை. "பெற்றோல்," என்றார். "கீழை முழுக்கப் பெற்றோல். வெளியாலை போங்கோ. பிள்ளையளை முதல் ஏத்துங்கோ. ஒருத்தரும் லைற்றை அணைக்கப்படாது, சுவிச்சைத் தொடப்படாது. கஸ்பர், ஏத்தடா!"

கஸ்பர் கையில் அகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் மீன்கூடை தூக்குகிற மாதிரித் தூக்கிப் படியில் விட்டான். ஒருவரும் கத்தவில்லை. காலடிச் சத்தம் மட்டும். புத்தகங்கள் அப்படியே கிடந்தன. கடைசியாகத் தில்லையம்பலம் ஏறினார். நெருப்புப்பெட்டி அவர் பொத்திய கைக்குள் நசிந்துபோய் இருந்தது.

"செட்டிலை கரண்ட் மெயினை நிப்பாட்டு. ஒரு கார் உள்ளுக்கு வரப்படாது," என்று கஸ்பரிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். வீட்டு ரெலிபோனைத் தொடவில்லை, பொறி பறக்கும் என்ற பயம். முனையில் சிவப்பு ரெலிபோன் பெட்டி. கண்ணாடிக்குள் வேட்டியும் திருநீறுமாக அவர் நிற்பதைக் கஸ்பர் தூரத்தில் இருந்து பார்த்தான். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த நம்பரை அமத்தினால் செட் போய்விடும், வீடு போய்விடும் என்று அவருக்கு வடிவாகத் தெரியும். தவமலரும் தெருவில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு பிள்ளைகளையும் சீலையோடு அணைத்தபடி. அவர் நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு நம்பரை அமத்தினார்.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. தெருவையே மறித்து, வீடு வீடாகச் சனத்தை வெளியேற்றினார்கள். ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு செலர் படியில் இறங்கின ஆள் பாதிப் படியிலேயே திரும்பி ஏறிவந்தான். பெற்றோல் செட்டுகளுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரியும் வந்தார், உயரமான வெள்ளைக்காரன். அருமைநாயகி அவரிடம், போன கிழமை தணலில் சாம்பிராணி போட்டு மூலை மூலையாகப் புகை பிடித்ததையும், அன்றைக்கு மணம் இல்லாமல் போனதையும் தன் இங்கிலீஷில் விளக்கினாள். அவர் அவளை இரண்டாந்தரம் சொல்லச் சொன்னார். விளங்கியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கே இருந்த மதிலில் குந்திவிட்டார்.

செட்டைப் பூட்டினார்கள். பிறகு தாங்கிகளை வெறுமையாக்கி, ஆவியைப் போக்கி, நிலத்தை உடைத்துக் கிரேனால் தூக்கினார்கள். பார்க்க வேலிக்கு வெளியே சனம் நின்றது. யோகலிங்கமும் நின்றான். சுவரோடு இருந்த தாங்கி மேலே வந்தபோது, தோண்டின குழியில் கறுத்த தண்ணீர் பளபளத்தது. தாங்கியை வெட்டித் திறந்தார்கள். உடம்பு துருப்பிடித்திருந்தாலும் ஓட்டையில்லை. அடியில், ஒரே ஒரு இடத்தில், பத்துப் பென்ஸ் காசுக் குத்தி அளவில் ஒரு ஓட்டை இருந்தது. சுற்றிவர இரும்பு கிண்ணம் மாதிரிக் குழிந்து, ஓரம் கடதாசி மாதிரி மெலிந்திருந்தது.

அதிகாரி விரலால் மேலே காட்டினார். ஓட்டைக்கு நேரே மேலே டிப் குழாய்.

கோல் விழுகிற இடம் அது என்று விளக்கினார். கோல் விழும்போதெல்லாம் பூண் இரும்பைக் குத்தும், மேலே படிந்த துருவைச் சுரண்டும். புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும், திரும்பக் கோல் சுரண்டும். இதற்காகவே இப்போது செய்கிற தாங்கிகளில் அந்த இடத்தில் தடித்த தகடு ஒன்று வைக்கிறார்களாம். தாங்கிக்கும் இரண்டு சுவர், சுவர்களுக்கு நடுவில் கசிந்தால் மணி அடிக்குமாம். இது பழைய தாங்கி. தகடும் இல்லை, இரண்டாம் சுவரும் இல்லை, மணியும் இல்லை. "நாற்பது வருடத்துக்கு மேலாக எத்தனையோ பேர் குத்தின இடம்," என்றார். "உன்னுடைய ஐந்து வருடம் அதில் ஒரு பங்குதான்."

அந்தக் கடைசிச் சொல் தில்லையம்பலத்தின் காதில் ஏறவில்லை. அவர் ஓட்டையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "நாளுக்கு மூண்டு தரம் விட்டால்?"

"மூன்று தரமா? ஏன் மூன்று தரம்?"

தில்லையம்பலம் அவரைப் பார்த்தார், கஸ்பரைப் பார்த்தார். அதை வெள்ளைக்காரனுக்கு எந்தப் பாசையில் சொல்லுகிறது? கை மட்டும் தன்பாட்டில் எழும்பி, விரல் மடங்கி, நெற்றிவரைக்கும் போய், அங்கே நின்றுவிட்டது.

அதிகாரிக்கு விளங்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற யோகலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. "ஐயையோ, பிள்ளையாருக்குக் குட்டிக் குட்டித் தாங்கியிலை ஓட்டை போட்டிட்டார் மனிசன்!" என்றான். அவன் நெஞ்சில் நஞ்சு வைத்துச் சொன்னானோ, வாய் நிற்காமல் சொன்னானோ, கஸ்பருக்குத் தெரியாது. அன்று பின்னேரமே அது மோர்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்குப் பிறகு கஸ்பர் யோகலிங்கத்தோடு கதைத்ததில்லை.

செட் போனது. வீடும் போனது. தவமலர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அந்தச் சிவப்புப் பெட்டியில் அவர் நின்றதைப் பார்த்தவள் அவள். சட்டனில் இரண்டு அறை எடுத்துக் கொண்டார்கள். தில்லையம்பலம் ஒரு சுப்பர்மாக்கெட்டில் பெட்டி தூக்கினார். அருமைநாயகி குடும்பம் மாதக்கணக்காகக் கவுன்சில் கொடுத்த அறையில் கிடந்தது. சனம் என்ன சொன்னது? சரஸ்வதி பூசையைக் குழப்பின மனிசன் என்றது. விளக்கேற்றப் போன பொம்பிளையின் கையைப் பிடித்தவன் என்றது. அந்தச் செலரில் அன்றைக்கு இருந்த பிள்ளைகள் இன்றைக்கு மீசை வைத்திருக்கிறார்கள், கலியாணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களே மேசையில் இருந்து "டொக், டொக்" என்கிறார்கள். கஸ்பருக்குச் சோறு இறங்காதது இதனால்தான்.

தில்லையம்பலம் பிறகு கோயிலுக்குப் போனால் பிள்ளையாருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குட்ட மாட்டார். ஐயர் பார்ப்பார், சனம் பார்க்கும். அவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தமிழ் ஆட்கள் நடத்துகிற பெற்றோல் செட்டுகளுக்குப் போவார். அப்போது நம்மவர்கள் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியிருந்த காலம். "உங்கடை தாங்கி ஒத்தைச் சுவரோ ரெட்டைச் சுவரோ? குழாய்க்குக் கீழை தகடு இருக்கோ? கோலை விழ விடாதேங்கோ. முட்டைக்கு மேலை வைக்கிற மாதிரி மெல்ல வையுங்கோ," என்பார். தூரத்தில் கண்டதுமே, "தில்லையர் வாறார், கோலை ஒளியுங்கோ!" என்று ஒருவனுக்கொருவன் சத்தம் போடுவான்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவான்கள். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். கஸ்பர் கேட்டான், "ஏனண்ணை உந்த அவமானம்?" அவர் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தார். ஆனால் மோர்டனில் ஒருவன் அவர் தொல்லை தாங்காமல் தாங்கியைச் சோதிக்கக் கொடுத்து, அது கசிகிறது என்று கண்டுபிடித்தார்கள். அவன் அதை வெளியில் சொல்லவில்லை. தில்லையம்பலத்திடம் மட்டும் ரகசியமாக வந்து சொன்னான். அதுவும் கஸ்பருக்குத் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் அவருக்கு நெஞ்சில் தண்ணீர் கட்டியது. ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டை மனிதர் இன்னும் கட்டையாகிப் போனார். கஸ்பர் ஷிப்ட் முடிய ஒவ்வொரு நாளும் போய்ப் பக்கத்தில் இருப்பான்.

ஒரு நாள் தவமலர் வந்து, கதையோடு கதையாகச் சொன்னாள்: "எங்கடை பழைய செட் இருந்த இடத்திலை பிளாற் வீடுகள் கட்டுறாங்கள். யோகலிங்கத்தின்ரை மகள் ஒண்டுக்குப் பேசி வைச்சிருக்கிறாளாம். கீழ்வீடு. பிள்ளைத்தாச்சி, படி ஏற ஏலாதாம்."

தில்லையம்பலம் கண்ணைத் திறந்தார். அவள் தேத்தண்ணி எடுக்கப் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு கஸ்பரின் கையைப் பிடித்தார். பிடி இன்னும் பெலனாகத்தான் இருந்தது.

"கஸ்பர், அண்டைக்கு எவ்வளவு தூரம் தோண்டினவங்கள் எண்டு நினைவிருக்கோ?"

"சுவர் வரைக்கும் தோண்டினவங்கள்."

"ஓம். சுவர் வரைக்கும். றோட்டுப் பக்கம் மண் பெற்றோல் ஊறிக் கறுப்பாய்த்தான் கிடந்தது. அதை அப்பிடியே மூடினவங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அதுக்குப் பிறகு எடுத்திருப்பாங்கள் அண்ணை. வீடு கட்டுறதெண்டால் சும்மா விடுவாங்களே?"

"எடுத்திருப்பாங்கள். எடுக்காமலும் விட்டிருப்பாங்கள். நீ போ. போய் யோகலிங்கத்திட்டைச் சொல்லு."

"அவனிட்டையோ?" கஸ்பர் கையை இழுத்துக்கொண்டான். "உங்களை ஊர் முழுக்கச் சிரிக்க வைச்சவன். அவன்ரை முகத்திலை முழிக்க மாட்டன் எண்டு இருக்கிறன். வேறை ஆரையும் அனுப்புங்கோ."

"வேறை ஆருக்கு அந்த மண் தெரியும்? நீயும் நானும்தான் கண்டனாங்கள். எனக்கு எழும்ப ஏலாது."

கஸ்பர் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். தில்லையம்பலம் மூச்சு வாங்கினார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"மண் எவ்வளவு ஆழத்துக்கு எடுத்தவை, வீட்டுக்குக் கீழை ஆவி ஏறாமல் என்ன போட்டவை, இது ரெண்டையும் கேட்காமல் அவன்ரை பெட்டை கையெழுத்துப் போடப்படாது எண்டு சொல்லு. அவன் சிரிப்பான். நெத்தியிலை குட்டிக் காட்டுவான். நீ கோவிக்கப்படாது. திரும்பி வந்திடப்படாது. அவன் சிரிச்சு முடியுமட்டும் அதிலையே நில்லு. பேந்து, முதல்லை இருந்து திருப்பிச் சொல்லு."